ஐந்து கிலோமீட்டருக்குள்

காலை முதல் வகுப்பில் வருகைப் பதிவேட்டை மூடி வைத்த பிறகுதான் அவள் வாசலில் வந்து நிற்பாள். இளங்கலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு. கேட்டால் ஒரே பதில்: "பஸ் வரல மேடம்." சீக்கிரம் கிளம்பு என்று பல முறை சொன்னேன். சில நாள் உள்ளே விட்டேன், சில நாள் விடவில்லை. பருவத் தேர்வு நெருங்கியபோது, வருகை 75 சதவீதத்துக்குக் குறைந்து தேர்வெழுத முடியாதவர்களின் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அந்த வராக்குறிகளில் பாதி நான் போட்டவை.

விளக்கக் கடிதத்தோடு வந்தவளிடம், "உங்க ஊருக்கு பஸ்ஸே இல்லையா?" என்று கேட்டேன்.

"ஊருக்கு இருக்கு மேடம். எங்க வீட்டுக்குத்தான் இல்ல" என்றாள்.

அன்று இரவு 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மதுரை மாவட்டக் கையேட்டை எடுத்து அவள் ஊரைத் தேடினேன். ஒவ்வொரு வருவாய்க் கிராமத்துக்கும் அதில் ஒரு வரிசை உண்டு. எத்தனை வீடு, எத்தனை ஆண், எத்தனை பெண், பள்ளி இருக்கிறதா, ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறதா, அரசுப் பேருந்து வருகிறதா, தனியார் பேருந்து வருகிறதா, ரயில் நிலையம் உண்டா. இல்லாத வசதிக்கு நேராக அது எவ்வளவு தள்ளிக் கிடைக்கும் என்பதை ஓர் எழுத்தால் குறித்திருப்பார்கள். ஐந்து கிலோமீட்டருக்குள் என்றால் 'ஏ', ஐந்திலிருந்து பத்து வரை 'பி', பத்துக்கு மேல் 'சி'. அவள் ஊருக்குப் பேருந்து 'உண்டு' என்று இருந்தது. ரயிலுக்கு 'சி'. பேருந்து விஷயத்தில் அரசைப் பொறுத்தவரை அந்த ஊருக்குக் குறையொன்றுமில்லை.

அடுத்த சனிக்கிழமை கிளம்பிப் போனேன். ஆரப்பாளையத்திலிருந்து உசிலம்பட்டி, அங்கிருந்து ஒரு டவுன் பஸ். பஸ் நின்ற இடத்தில் ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, டீக்கடை, வேப்பமரத்தடியில் சீட்டு விளையாடும் ஆண்கள். கணக்கெடுப்பு 'ஊர்' என்று சொன்னது அந்த இடத்தைத்தான். அவள் வீடு இருக்கும் காலனிக்கு அங்கிருந்து கண்மாய்க் கரையேறி, சீமைக்கருவேலத்துக்கு நடுவே இறங்கிப் போக வேண்டும். அவளுடைய அம்மா என்னை அழைத்துப்போக வந்திருந்தார். "பக்கந்தான் டீச்சர், பேசிக்கிட்டே போயிரலாம்" என்றார். பேசிக்கொண்டேதான் போனோம். முப்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. அந்த அம்மா மூச்சு வாங்கவில்லை, நான் வாங்கினேன்.

'பக்கந்தான்' என்ற சொல்லைக் கேட்டதும் நான் ஆண்டுதோறும் பாடம் நடத்தும் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், புகாரை விட்டுக் கொஞ்ச தூரம் நடந்த உடனேயே கண்ணகிக்குக் கால் ஓய்ந்துவிடுகிறது. மதுரை எது என்று கேட்கிறாள். இன்னும் முப்பது காதம், அருகில்தான் என்கிறான் கோவலன். சிரித்துக்கொண்டே சொல்கிறான். இருபது வருடமாக அந்த இடத்தைக் கோவலனின் துயரமாகவே நடத்திவந்திருக்கிறேன். தூரத்தை அளந்து சொல்பவன் ஒருவன், அதை நடப்பது இன்னொருத்தியின் கால் என்று ஒரு முறைகூடச் சொன்னதில்லை.

மதுரையைச் சுற்றிய இந்தச் சமவெளியில் மக்களை எண்ணுவதும் அவர்கள் எங்கே போகலாம் என்று முடிவு செய்வதும் ஒரு காலத்தில் ஒரே வேலையாக இருந்தன. குற்றப் பழங்குடிகள் சட்டம் 1914இல் மதுரைக்கு அருகே கீழக்குயில்குடியில் தொடங்கி, பிறகு பிரமலைக் கள்ளர் சமூகத்தின் மீது விரிந்தது. மக்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பெயரையும் பத்து விரல் ரேகையையும் பதிய வேண்டும். ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ஆண்கள் இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டியிருந்ததை அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. இதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. இறந்தவர்களில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்பது ஊரின் நினைவு. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது.

அந்தப் பதிவேட்டில் ஏறியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இரவெல்லாம் ஆண்கள் இல்லாத வீடுகளில் பிள்ளையையும் மாட்டையும் காட்டையும் பார்த்துக்கொண்ட பெண்களுக்குச் சீட்டு கொடுக்க வேண்டும் என்று அரசுக்குத் தோன்றவில்லை. அவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள் என்பதுதான் காரணம். இந்த நினைப்பு சட்டத்தோடு ஒழிந்துவிடவில்லை.

ரயிலின் கதையும் இதையே சொல்கிறது. திருச்சியிலிருந்து 1875இல் மதுரைக்கு ரயில் வந்தது. உசிலம்பட்டி வழியாகப் போடிநாயக்கனூருக்கு 1928இல் போட்ட பாதை, மலையில் விளைந்த ஏலக்காயையும் தேயிலையையும் கீழே கொண்டுவருவதற்கு. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளத்தையே பெயர்த்து எடுத்துப் போனார்கள். 1950களில் மீண்டும் போட்டார்கள். பிறகு அகலப்பாதை ஆக்குவதற்காக 2010 இறுதியில் நிறுத்தினார்கள். மதுரையிலிருந்து தேனிக்கு மறுபடியும் பயணிகள் ரயில் ஓடியது 2022 மே மாதத்தில், போடிக்கு ஓடியது 2023 ஜூனில். நிறுத்தியபோது ஆறாம் வகுப்பில் இருந்த ஒரு பெண், ரயில் திரும்பி வருவதற்குள் பள்ளியையும் பட்டப்படிப்பையும் முடித்திருப்பாள், அல்லது முடிக்காமலே விட்டிருப்பாள். விட்டவர்கள் எத்தனை பேர் என்று எந்தக் கையேட்டிலும் ஒரு வரிசை கிடையாது.

பஸ்ஸின் கதை ரயிலைவிட நம் வீட்டுக்கு நெருக்கமானது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கினார். பின்னர் மதுரையே அந்த நிறுவனத்தின் ஊராயிற்று. நேரம் தவறாத பஸ் என்று பெரியவர்கள் இப்போதும் பெருமையாகச் சொல்வார்கள். அவருடைய மகள் சௌந்தரம் இள வயதிலேயே கணவனை இழந்தார். டெல்லியில் மருத்துவம் படித்தார். ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இருவரும் 1947இல் திண்டுக்கல் சாலையில் சின்னாளப்பட்டியை ஒட்டிக் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். அங்கே கஸ்தூரிபா பெயரில் தாய்சேய் மருத்துவமனை எழுந்தது. தென் தமிழ்நாட்டின் பெரிய பஸ் கம்பெனியின் வீட்டில் பிறந்த பெண், மருத்துவமனையை நகரத்தில் வைக்காமல் கிராமத்துக்குக் கொண்டுபோனார். வலி கண்ட பெண்ணால் பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது என்பதை அந்த டாக்டர் அறிந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

1972இல் பேருந்துகள் அரசுடைமையாகி மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. எங்கள் தலைமுறைப் பெண்களைப் படிக்க வைத்தது பாண்டியன் பஸ் என்று சொன்னால் மிகையில்லை. லாபம் வராத தடத்திலும் அது ஓடியது. என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். ஆறாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும், பஸ் இல்லை. நான் படித்தேன், பஸ் இருந்தது. எங்களுக்கு இடையிலான வித்தியாசம் அறிவில் இல்லை.

ஆனால் பஸ் வந்தால் எல்லோருக்கும் வந்துவிடுகிறதா? எந்த மரத்தடியில் நிற்க வேண்டும், யார் தெரு வழியாகத் திரும்ப வேண்டும், யார் இருக்கையில் உட்காரலாம் என்பதெல்லாம் போக்குவரத்துக் கழகத்துக்கு முன்பே ஊரில் முடிவாகியிருந்தவை. 1997ஆம் ஆண்டை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. ஒரு தலித் வீரரின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று கலவரம் மூண்டது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. பாண்டியன், சேரன், கட்டபொம்மன் என்று ஊருக்கு ஒன்றாக இருந்த பெயர்கள் அப்படித்தான் பஸ்ஸிலிருந்து அழிந்தன.

அதே ஆண்டு ஜூன் 30 அன்று, மேலூருக்கு அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு இருந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸை மறித்துத்தான் கொன்றார்கள். தனித் தொகுதியாக்கப்பட்ட ஊராட்சிக்குத் தலைவரானது அவர் செய்த குற்றம். மேலவளவுக்கு அன்றும் பஸ் வசதி 'உண்டு'.

ஒரு முரணையும் சொல்ல வேண்டும். நான் போன ஊரில் பஸ் நிற்கும் தெரு, ஒரு காலத்தில் ராதாரிச் சீட்டு இல்லாமல் நகர முடியாதிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் தெரு. காலனிப் பெண்கள் அந்தத் தெருவைக் கடந்துதான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பஸ் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே போய், யார் கண்ணிலும் படாமல் ரேஷன் கடைச் சுவரோரமாக நிற்பார்கள். "செருப்பப் போட்டுக்கிட்டு நடக்கறதுக்கே எங்க காலத்துலதான் ஆச்சு டீச்சர்" என்றார் அந்த அம்மா. அடக்குமுறையை அனுபவித்த சமூகம் அடக்காமலிருக்கும் என்பதற்கு வரலாறு எந்த உறுதியும் தருவதில்லை. பெண்கள் விஷயத்தில் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

உசிலம்பட்டி என்ற பெயர் நாடு முழுவதும் தெரிந்தது 1986இல். பிறந்த பெண் குழந்தைகள் கொல்லப்படுவதைப் பற்றி ஓர் ஆங்கில இதழ் முகப்புக் கட்டுரை வெளியிட்டது. வரதட்சணை, நிலம், சாதிப் பெருமை என்று காரணங்கள் பேசப்பட்டன. 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது, பின்னர் மதுரைக்கும் வந்தது. கர்ப்பிணிகளைப் பதிவு செய்தார்கள், பிறப்புகளை எண்ணினார்கள், பாலின விகிதத்தைக் கணக்கிட்டார்கள். இவை தேவைதான். 2011இல் தமிழ்நாட்டில் ஆயிரம் ஆண்களுக்கு 996 பெண்கள் இருந்தபோதும், ஆறு வயதுக்குட்பட்டவர்களில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தார்கள். இந்த இடைவெளியை எண்ணாமல் அறிந்திருக்க முடியாது.

என் கேள்வி அதற்கு அடுத்தது. உயிரோடு விடப்பட்ட பெண் குழந்தையைப் பிறகு யார் எண்ணினார்கள்? அவள் எட்டாம் வகுப்புக்குப் பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாள், எத்தனை மணி பஸ்ஸில் போனாள், வயசுக்கு வந்த பிறகு போனாளா? தமிழில் 'தூரம்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. மாதவிலக்கானவளைத் தூரமாக இருக்கிறாள் என்போம். பெண்ணுக்கு முதலில் வரும் தூரம் அதுதான். மற்ற தூரங்களெல்லாம் அதிலிருந்து கூடத் தொடங்குகின்றன. இருட்டுவதற்குள் வா, தனியாகப் போகாதே, கண்மாய்க்கரைப் பக்கம் போகாதே. பத்து வயதில் இருபது நிமிடமாக இருந்த வழி பதிமூன்று வயதில் போகவே முடியாத வழி ஆகிவிடுகிறது. கிலோமீட்டர் மாறவில்லை.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011இல் ஒரு நல்ல கேள்வியைக் கேட்டது. வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள்? ஆனால் அதன் அட்டவணை 'பிற தொழிலாளர்'களுக்கு மட்டுமே வெளிவந்தது. பயிரிடுவோரும் விவசாயக் கூலிகளும் அதில் இல்லை. ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களின் பயணம் அந்த அட்டவணைக்குள் வராது. என் மாணவியின் அம்மா மல்லிகைத் தோட்டத்தில் கூலிக்குப் பூப் பறிப்பவர். இருட்டிலேயே போய், மொட்டு விரிவதற்குள் பறித்துவிட வேண்டும். விடிவதற்குள் தோட்டத்து வாசலுக்கே வேன் வந்து பூவை ஏற்றிக்கொண்டு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடும். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி ஒரு நாளும் தாமதமாகச் சென்றதில்லை. அதைப் பறித்தவரின் மகள்தான் என் வகுப்புக்குத் தாமதமாக வந்தவள்.

2021 மே 7 அன்று, புதிய அரசு பதவியேற்ற நாளிலேயே, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று ஆணை வந்தது. இப்போது அதற்கு விடியல் பயணம் என்று பெயர். ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழு கணக்கிட்டது. என் வகுப்பில் அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்தேன். வீட்டில் காசு கேட்க வேண்டியதில்லை என்றால், எங்கே போகிறாய் என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பல பெண்களுக்குக் கட்டணத்தைவிட அது பெரிய விடுதலை. ஓசி டிக்கெட் என்று கண்டக்டரும் பக்கத்து இருக்கைக்காரரும் முனகுவதையும் கேட்டிருக்கிறேன். டிக்கெட் வாங்காத காலத்திலும் நம் உழைப்பு ஓசியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் முனகவில்லை.

ஆனால் இந்தச் சலுகை டவுன் பஸ் போகிற ஊருக்குத்தான். புறநகர்ப் பஸ் மட்டும் நிற்கிற ஊரிலும் தனியார் மினி பஸ் மட்டும் வருகிற ஊரிலும் பெண்கள் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும். பஸ் போகாத கிராமங்களுக்காக 1997இல் தொடங்கிய மினி பஸ் திட்டம், 2025 ஜூனில் புதிய வடிவில் மறுபடி தொடங்கப்பட்டது. அது வரட்டும். ஆனால் மினி பஸ்ஸும் காலனிக்குள் திரும்புமா, ரேஷன் கடையிலேயே நின்றுவிடுமா என்பதைப் பர்மிட் தாளில் பார்த்துச் சொல்ல முடியாது.

அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு சைக்கிள் இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்தது. அண்ணன் வேலைக்கு எடுத்துப்போகிறானாம். அப்போது எனக்குப் புதுக்கோட்டை மாவட்டம் நினைவுக்கு வந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்ட பெண்கள் அங்கே ஆயிரக்கணக்கில் உண்டு. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். கேலியையும் ஏச்சையும் தாங்கிக்கொண்டு அவர்கள் ஓட்டினார்கள். சைக்கிள் கிடைத்ததோடு அது யாருடையது என்பதும் அங்கே பேசப்பட்டது. அந்தப் பேச்சு இல்லாத இடத்தில் சைக்கிள் அண்ணனுக்குப் போய்விடுகிறது.

ஊரிலிருந்து திரும்பிய வாரம், இரண்டாம் ஆண்டு மாணவிகளிடம் வெள்ளைத்தாள் கொடுத்து ஒன்றே ஒன்று கேட்டேன். உங்கள் வீட்டு வாசலிலிருந்து பஸ் நிற்கும் இடம் எவ்வளவு தூரம்? கிலோமீட்டரில் எழுதியவர்கள் மிகக் குறைவு. "தனியா வந்தா அஞ்சு நிமிஷம் முன்னாடி போயிரலாம், தங்கச்சியக் கூட்டிட்டு வந்தா லேட்டாகும்" என்றாள் ஒருத்தி. "பகல்ல இருபது நிமிஷம், இருட்டிட்டா அப்பா வந்தாத்தான்" என்று எழுதியிருந்தாள் இன்னொருத்தி. "டாஸ்மாக் வழியா போனா பக்கம், சுத்திப் போனா தூரம், சுத்தித்தான் போவேன்" என்பது மூன்றாவது. கடைசி பஸ் ஏழு மணிக்கு என்பதால் பேச்சுப்போட்டிக்கும் நூலகத்துக்கும் பெயர் கொடுத்ததேயில்லை என்று ஒரு தாளில் இருந்தது. அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும். நன்றாகக் கவிதை எழுதுகிறவள். கூச்ச சுபாவம் என்று நான் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். இந்த முறை சாதியும் கேட்கப்படும். மதுரை மாவட்டத்தின் 30,38,252 பேர் என்ற பழைய எண் மாறும். வருகிற கணக்கெடுப்பாளரில் பலர் பள்ளி ஆசிரியைகளாக இருப்பார்கள். அவர்களும் ஊர் நடுவில் பஸ்ஸை விட்டிறங்கிக் கடைசி வீடு வரை நடப்பார்கள். அந்த நடையில் அவர்கள் அறிவதைப் படிவத்தில் எழுத இடம் வேண்டும். தூரத்தை ஊரின் நடுவிலிருந்து அளக்காமல் கடைசி வீட்டிலிருந்து அளக்கட்டும். முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, வழியில் விளக்கு உண்டா, டிக்கெட் எவ்வளவு என்பதையும் எழுதட்டும். வருவாய்க் கிராமத்துக்கு ஒரு வரிசை என்றிருப்பதைக் காலனிக்கும் உட்கடைக் கிராமத்துக்கும் தனித்தனி வரிசையாக்கட்டும். பெண் எத்தனை பேர் என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே அவள் எவ்வளவு தொலைவு போய்வர முடிகிறது என்பதும் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு உயிர் வரும்.

கல்லூரியில் பேசி, அவளுடைய வருகைக் குறைவுக்கு விலக்கு வாங்கினோம். தேர்வெழுதினாள். முதல் வகுப்பு தொடங்குவதைப் பதினைந்து நிமிடம் தள்ளி வைக்கலாம் என்று துறைக் கூட்டத்தில் கேட்டேன். மற்ற துறைகளின் கால அட்டவணை குழம்பும் என்றார்கள். அதனால் என் வகுப்பில் மட்டும் பெயர் கூப்பிடுவதைக் கடைசிக்கு மாற்றிக்கொண்டேன். இப்போதும் அவள் அதே நேரத்துக்குத்தான் வருகிறாள். வாசலில் நிற்பதில்லை, நேராக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.